நோயே வராத காட்டு உளுந்தை நேராக விதைத்துவிட்டால் என்ன?

கேட்டவர் டெல்டா பக்கத்துக்காரர் என்று தெரிகிறது. நெல் தரிசில் உளுந்து விடுகிறார். மூன்று வருஷமாக மஞ்சள் தேமல் (வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் நோய்) வந்து பாதிக்கு மேல் போய்விடுகிறதாம். "காட்டு உளுந்திலிருந்து நோய் எதிர்ப்பை எடுத்துப் புது ரகம் செய்கிறார்கள் என்று படித்தேன். காட்டுச் செடிக்கே நோய் வராதென்றால் அதையே விதைத்துவிடலாமே, எதற்குப் பத்துப் பன்னிரண்டு வருஷம்? இல்லை, இதுவும் மரபணு மாற்று விதைதானா?" என்று கேட்டிருக்கிறார். இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. அந்த விதையை நம்பி வாங்கலாமா என்பது ஒன்று. இத்தனை வருஷமாக உள்ளே உட்கார்ந்து என்னதான் செய்கிறார்கள் என்பது மற்றொன்று. இரண்டுமே நியாயமான கேள்விகள். பயறு வகைகளில் கலப்பு வேலையில் இருபது வருஷத்துக்கு மேல் இருந்தவன் என்பதால் இரண்டாவதற்கு விரிவாகவே சொல்ல முடியும். வைரஸ் என் துறை இல்லை. அதில் கூட வேலை செய்தவர்களிடம் கற்றுக்கொண்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எளிதானதை முடித்துவிடலாம். இது மரபணு மாற்று விதை இல்லை. ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவில் தடவுவது, வந்த விதையை விதைப்பது, பொறுக்குவது, அவ்வளவுதான். வேறு உயிரின் மரபணுவை ஆய்வகத்தில் வெட்டி ஒட்டும் வேலை எதுவும் இதில் கிடையாது. உளுந்தும் காட்டு உளுந்தும் ஒரே இனம். காட்டு உளுந்துக்கு விக்னா முங்கோ சில்வெஸ்ட்ரிஸ் என்று பெயர், நம் உளுந்து வெறும் விக்னா முங்கோ. பக்கத்தில் பக்கத்தில் வளர்ந்தால் தேனீயே கூட எப்போதாவது கலந்துவிடும். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்திலிருந்து வந்த வம்பன் 6 ரகம், வம்பன் 1 உளுந்தையும் காட்டு உளுந்தையும் கலந்து எடுத்தது. வம்பன் 7 ரகத்துக்குப் பெற்றோர் வம்பன் 3 உளுந்தும் காட்டு உளுந்தும். உங்கள் ஊர்க் கடையிலேயே இந்தப் பெயர்களைக் கேட்டிருப்பீர்கள்.

சரி, அப்படியானால் காட்டு உளுந்தையே ஏன் விதைக்கக் கூடாது? ஒரு முறை அந்தச் செடியைக் கையில் பிடித்துப் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. கொடியாகப் படரும், பக்கத்தில் எது நின்றாலும் சுற்றிக்கொள்ளும், தண்டு முழுக்கச் சுணை. விதை நம் உளுந்தில் பாதி எடைகூட இருக்காது. ஒரே செடியில் பூ, பிஞ்சு, காய், காய்ந்த நெற்று என்று எல்லாம் ஒரே நேரத்தில் இருக்கும். ஒரே தடவையில் அறுத்துப் போட்டு அடிப்பது என்பது நடக்கவே நடக்காது. விதைத்தாலும் பத்து விதையில் ஒன்றிரண்டுதான் அந்த வருஷம் முளைக்கும். மற்றதெல்லாம் கல் விதை. தோல் தண்ணீரை உள்ளே விடாது, மண்ணுக்குள் மாதக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் கிடக்கும். நாங்கள் முளைக்க வைப்பதற்கு ஒவ்வொரு விதையையும் உப்புத்தாளில் தேய்ப்போம், இல்லாவிட்டால் பிளேடால் தோலின் ஓரத்தை லேசாகக் கீறுவோம். கண் இருக்கும் பக்கம் கீறினால் முளைக்குருத்து போய்விடும், அதனால் எதிர்ப்பக்கம்தான் கீற வேண்டும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய சிக்கல் நெற்று வெடிப்பது. காட்டுச் செடியின் நெற்று நன்றாகக் காய்ந்ததும் உச்சி வெயிலில் இரண்டு ஓடும் எதிரெதிர்ப் பக்கமாக முறுக்கிக்கொண்டு பட்டென்று பிளக்கும். விதை இரண்டு மூன்று அடி தள்ளிப் போய் விழும். அமைதியான மத்தியானத்தில் பாத்தி ஓரத்தில் நின்றால் அந்தச் சத்தம் காதில் விழும். செடிக்கு அது நல்லது, தன் பிள்ளைகளைத் தன் நிழலிலிருந்து தள்ளி அனுப்புகிறது. அறுவடை செய்ய வந்தவருக்கு மிஞ்சுவது வெறும் ஓடு. ஒரு தை மாதம், பொங்கலுக்கு நான்கு நாள் விடுமுறை. கலப்பில் வந்த முதல் தலைமுறைச் செடிகள் பதினோரு செடி நின்றன. நெற்றுக்கு மெல்லிய துணிப்பை கட்டிவிட்டுப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். முக்கால்வாசி பச்சையாகத்தான் இருக்கிறது, வந்து கட்டிக்கொள்ளலாம் என்று போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் ஏழு செடியில் ஒரு விதைகூட இல்லை. கூலி வேலைக்கு வந்த அக்கா ஒருவரும் நானும் முட்டி போட்டு மண்ணைச் சலித்து எடுத்தது நாற்பத்து மூன்று விதை. அதில் எது எந்தச் செடியுடையது என்று சொல்ல முடியாததால் அந்தக் கலப்பையே மறுபடி முதலிலிருந்து செய்தோம். ஒரு வருஷம் போயிற்று. வெடிக்கிற குணம் என்றால் என்ன என்பதை அதற்கப்புறம் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான வருஷமாக நம் முன்னோர்கள் செய்ததெல்லாம் இந்தக் குணங்களைக் கழித்ததுதான். வெடிக்காத நெற்று, உடனே முளைக்கிற விதை, நிமிர்ந்து நிற்கிற செடி, பெரிய பருப்பு என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார்கள். அப்படிப் பொறுக்கும்போது ஒரு கைப்பிடி செடிகளின் வாரிசுகள்தான் வயலுக்கு வந்தன, மற்றதெல்லாம் காட்டோடு நின்றுவிட்டது. அவர்கள் கேட்காத குணங்களும் அதோடு நின்றுவிட்டன. அன்றைக்கு யாரும் மஞ்சள் தேமலுக்கு எதிர்ப்பு வேண்டும் என்று தேடியிருக்க மாட்டார்கள், இவ்வளவு நெருக்கமாக இவ்வளவு பரப்பில் ஒரே ரகம் விதைக்கிற பழக்கமும் அப்போது இல்லை. விட்டுவந்ததில் நமக்கு இன்று வேண்டிய ஒன்றிரண்டை மட்டும் திரும்ப எடுத்து வர வேண்டும், மற்றதெல்லாம் அங்கேயே இருக்க வேண்டும். காட்டுச் சொந்தங்களை வைத்துச் செய்யும் வேலை முழுவதும் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும், ஆனால் இந்த ஒரு வரியைச் செய்து முடிக்கத்தான் அந்தப் பத்து வருஷம்.

கலப்பு எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன். உளுந்துப் பூ தன் மகரந்தத்தையே தான் எடுத்துக்கொள்ளும் பூ. காலையில் விரிவதற்கு முன்பே, இரவிலேயே உள்ளே மகரந்தப்பை வெடித்து வேலை முடிந்துவிடும். அதனால் முந்தைய நாள் சாயங்காலமே, நாளைக்கு விரியப்போகிற மொட்டைப் பார்த்துப் பிடிக்க வேண்டும். மொட்டு பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறுகிற பதம், அதைக் கண்ணால்தான் பழக வேண்டும். இடது கை விரல் இரண்டுக்கு நடுவே மொட்டைப் பிடித்துக்கொண்டு, இடுக்கி நுனியால் கொடி இதழை விலக்கினால், உள்ளே படகு இதழ் நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும். அதைக் கிழிக்காமல் பிரித்து, பத்து மகரந்தத் தாளையும் ஒன்று விடாமல் எடுக்க வேண்டும். நடுவில் இருக்கும் சூல்தண்டில் இடுக்கி பட்டால் அந்தப் பூ போயிற்று. எடுத்துவிட்டு இதழை மறுபடி மூடி, ஒரு நூலைக் கட்டிவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். மறுநாள் விடியற்காலை, வெயில் ஏறுவதற்குள், காட்டுச் செடியின் பூவைக் கொண்டுவந்து தடவ வேண்டும். நூறு பூவில் பத்துக் காய் நின்றால் எங்களுக்கு அது நல்ல நாள். நின்ற காயிலும் நான்கைந்து விதைதான் இருக்கும். இந்த வேலையில் எங்கள் பண்ணையில் கைதேர்ந்தவர்கள் படித்த நாங்கள் இல்லை, பதினைந்து இருபது வருஷமாகத் தினக்கூலிக்கு வந்துகொண்டிருந்த பெண்கள்தான். ஒரு ரகத்தின் வரலாறு எழுதும்போது அவர்கள் பெயர் எங்கும் வராது என்பது எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

கலந்து வந்த முதல் தலைமுறைச் செடி பாதிக் காடு, பாதி வயல். அடுத்த தலைமுறையில் நூறு செடி வைத்தால் நூறும் நூறு விதம். பெரும்பாலானவை படரும், வெடிக்கும், சிறுத்த விதை வைக்கும். காட்டுக் குணங்களில் பல ஓங்கு குணங்கள், சுலபத்தில் விட்டுப் போகாது. அதனால் கலப்புச் செடியை மறுபடி நம் உளுந்தோடு கலக்க வேண்டும். இதைப் பிற்கலப்பு என்போம். ஒரு தடவை செய்தால் காட்டின் பங்கு சராசரியாகக் கால் பங்காகும், இரண்டாம் தடவை அரைக்கால், மூன்றாம் தடவை வீசம். கணக்கு சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டிய எதிர்ப்பு மரபணு தனியாக வருவதில்லை. அதே குரோமோசோமில் அதற்கு அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் கூடவே வரும். அந்த அக்கம்பக்கத்தில் சிறுவிதைக்கான மரபணு இருந்தால், எதிர்ப்புள்ள செடியெல்லாம் சிறுவிதைச் செடியாகவே வரும். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, ஆயிரக்கணக்கில் செடி வளர்த்து, நடுவில் அறுந்து பிரிந்த ஒன்று எப்போது வரும் என்று தேடிக்கொண்டே இருப்பது. இப்போது மரபணுக் குறியீட்டை, அதாவது வேண்டிய மரபணு இருக்கிறதா என்று காட்டிக்கொடுக்கும் டிஎன்ஏ அடையாளத்தை வைத்து நாற்றுப் பருவத்திலேயே ஒரு துண்டு இலையில் சோதித்துவிடலாம் என்பதால் வேலை எவ்வளவோ சுருங்கியிருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அதெல்லாம் இல்லை, எல்லாம் கண்ணும் நோட்டுப் புத்தகமும்தான்.

எதிர்ப்பு இருக்கிறதா என்று சோதிப்பதற்கே தனி ஏற்பாடு வேண்டும். நோய் சுலபமாகப் பிடிக்கிற ரகம் ஒன்றை, எங்கள் பக்கம் பெரும்பாலும் கோ 5, சில வரிசைக்கு ஒரு வரிசை என்று இடையிடையே விதைப்போம். மருந்தே அடிப்பதில்லை. வெள்ளை ஈ வரட்டும், வைரஸைக் கொண்டுவரட்டும் என்று காத்திருப்போம். கோ 5 வரிசை எலுமிச்சை மஞ்சளாக நிற்க, பக்கத்தில் ஒரு வரிசை மட்டும் கரும்பச்சையாக நின்றால் அதுதான் நமக்கு வேண்டியது. சில வருஷம் வெள்ளை ஈயே வராது. அப்போது எல்லாம் பச்சையாக நிற்கும், ஒன்றும் தெரியாது, அந்தப் பருவம் வீண். இதையெல்லாம் தாண்டி, பல ஊர்களில் விளைச்சல் சோதனை, விவசாயிகள் வயலில் சோதனை, அப்புறம் விதைப் பெருக்கம். பத்துப் பன்னிரண்டு வருஷம் எப்படி ஆகிறது என்பது இப்போது புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

உளுந்துக்காவது காட்டுச் சொந்தம் ஒரே இனத்துக்குள் இருக்கிறது. நிலக்கடலையைப் பாருங்கள், அது பெரிய கதை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. கடலைக்கு நாற்பது குரோமோசோம். அதன் காட்டுச் சொந்தங்களில் பெரும்பாலானவற்றுக்கு இருபதுதான். தென் அமெரிக்காவில் இரண்டு காட்டுக் கடலைகள் எப்போதோ ஒரு முறை தற்செயலாகக் கலந்து, குரோமோசோம் இரட்டித்து உண்டானதுதான் நாம் வறுத்துத் தின்னும் கடலை. அந்த ஒற்றைச் சம்பவத்தின் வாரிசுகள் என்பதால் உலகத்துக் கடலை முழுவதும் கிட்டத்தட்ட ஒரே குடும்பம். இலைப்புள்ளியும் துருவும் வந்தால் தாங்குவதற்கு உள்ளே சரக்கு இல்லை. பொலிவியாவில் வளரும் அராகிஸ் கார்டினாசி என்ற காட்டுக் கடலையில் அது இருந்தது. ஆனால் நாற்பதையும் இருபதையும் கலந்தால் வருவது முப்பது, அது மலடு. பூக்கும், காய்க்காது. அதன் குருத்தில் கோல்சிசின் என்ற வேதிப்பொருளைக் கொடுத்து முப்பதை அறுபதாக்கி, அறுபதை மறுபடி கடலையோடு கலந்து, தலைமுறை தலைமுறையாக உபரி குரோமோசோம்கள் உதிர்ந்து நாற்பதில் வந்து நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அந்தக் கோல்சிசின் நம் செங்காந்தள் விதையிலும் இருக்கிற சரக்குதான். திண்டுக்கல், திருப்பூர் பக்கம் கண்வலிக் கிழங்கு என்று விதைக்காகப் பயிரிடுகிறார்களே, அதே செடி.

இப்படிப் பாடுபட்டு எடுத்த கலப்புச் செடிகளிலிருந்து கர்நாடகத்தின் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தில் ஜிபிபிடி 4 என்ற ரகம் வந்தது. இலைப்புள்ளியையும் துருவையும் தாங்கும் ரகம். அந்த எதிர்ப்பை மரபணுக் குறியீட்டின் துணையோடு பழைய ரகங்களுக்குள் மாற்றினார்கள், அவற்றில் ஒன்று டிஎம்வி 2. நம் திண்டிவனத்தில் 1940இல் வெளிவந்த அதே டிஎம்வி 2தான், மல்லாட்டைக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டியதில்லை. பொலிவியாக் காட்டில் கிடந்த ஒரு கொடியின் குணம், நம் தாத்தா காலத்து ரகத்துக்குள் போய் உட்காருகிறது. இதே காட்டுக் கடலையிலிருந்து அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்துக்காரர்கள் வேறொரு குணம் எடுத்தார்கள். அவர்களுக்கு வேர்முடிச்சு நூற்புழு பெரிய தொல்லை. அதையும் சேர்த்து மூன்று காட்டுக் கடலைகளைக் கலந்து, 1990களில் அதிலிருந்து கோன் என்ற ரகத்தைக் கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு சரியாக இருந்தது, ஆனால் விளைச்சல் குறைவு. நூற்புழு இல்லாத வயலில் யாரும் அதை விரும்பவில்லை. நான் மேலே சொன்ன கூடவே ஒட்டிக்கொண்டு வரும் சரக்கு என்பது இதுதான். அதைக் கழித்து அடுத்த ரகம் நெமாட்டாம் 2002இல் வந்தது, விளைச்சலும் தேறியது. விடாமல் செய்தால் கழிக்க முடியும் என்பதற்கு இதை நான் எப்போதும் சொல்வேன்.

துவரையில் காட்டுச் சொந்தம் உதவிய விதமே வேறு. அங்கே நோய் எதிர்ப்புக்காக அல்ல, ஆண் மலட்டுத்தன்மைக்காகத் தேடினார்கள். வீரிய ஒட்டு விதை செய்ய மகரந்தம் இல்லாத தாய்ச்செடி வேண்டும். துவரைக்குள்ளேயே கிடைத்த மலட்டுத்தன்மையை வைத்து 1991இல் ஐசிபிஎச் 8 என்று உலகத்தின் முதல் பயறுவகை வீரிய ஒட்டு வந்தது, கோயம்புத்தூரிலிருந்தும் அதே முறையில் சில ஒட்டுகள் வந்தன. ஆனால் அந்த முறையில் தாய் வரிசையில் பாதிச் செடிகள் மகரந்தம் உள்ளவையாக வரும். பூக்கிற நேரத்தில் ஒவ்வொரு செடியையும் பார்த்துப் பிடுங்க வேண்டும். விதை உற்பத்தி செய்பவர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அப்புறம் ஹைதராபாத் அருகே பட்டான்சேருவில் உள்ள இக்ரிசாட் என்ற சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில், துவரையின் மூதாதை என்று கருதப்படும் கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற காட்டுச் செடியின் சைட்டோபிளாசத்துக்குள் (செல்லில் உட்கருவைச் சுற்றியிருக்கும் பகுதி) துவரையின் மரபணுக்களைக் கொண்டுவந்தார்கள். அப்படிச் செய்தால் தாய் வரிசை முழுவதும் மகரந்தம் இல்லாமல் வந்தது. அதை வைத்துத்தான் ஐசிபிஎச் 2671 போன்ற ஒட்டுகள் வந்தன. விளைச்சல் கூடும் என்பதில் சந்தேகம் இல்லை. விவசாயி ஒவ்வொரு வருஷமும் விதை வாங்க வேண்டியிருக்கும் என்பதிலும் சந்தேகம் இல்லை, அதை யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். உளுந்தில் அந்தப் பிரச்சினை இல்லை. வம்பன் ரகங்களை நீங்களே விதை எடுத்து வைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம்.

இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் உறுதியானது. இனிச் சந்தேகமான பக்கத்துக்கு வருகிறேன், உங்கள் வயலுக்கு இதுதான் முக்கியம். மஞ்சள் தேமல் என்று நாம் ஒரே பெயரில் சொன்னாலும் வைரஸ் ஒன்று இல்லை. தென்னிந்தியாவில் பெரும்பாலும் இருப்பது ஒரு இனம், வட இந்தியாவில் பெரும்பாலும் இருப்பது நெருங்கிய உறவுள்ள இன்னொரு இனம். வடக்கே கரும்பச்சையாக நின்ற ரகம் இங்கே வந்து மஞ்சளானதையும், இங்கே நின்றது அங்கே விழுந்ததையும் கண்ணால் பார்த்திருக்கிறோம். அதனால் "எதிர்ப்பு ரகம்" என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் எந்த ஊரில் சோதித்தது என்று கேளுங்கள். இன்னொன்று, எதிர்ப்பு என்பது நிரந்தரம் இல்லை. ஒரே ரகத்தை ஒரு மாவட்டம் முழுக்க வருஷா வருஷம் விதைத்தால் வைரஸும் மாறும். எத்தனை வருஷம் நிற்கும் என்று எந்த நேர்மையான ஆராய்ச்சியாளரும் எழுதிக் கொடுக்க மாட்டார். அதனால்தான் ஒரே காட்டுச் செடியை நம்பாமல், வேறு வேறு இடத்துக் காட்டுச் செடிகளிலிருந்தும், அரிசிப்பயறு மாதிரி வேறு இனங்களிலிருந்தும் எடுக்கப் பார்க்கிறார்கள். காட்டுச் செடி என்றாலே நோய் வராது என்பதும் தப்பு. நூறு இடத்து விதை கொண்டுவந்தால் அதில் சிலதுதான் நிற்கும், மற்றவை நம் உளுந்து மாதிரியே மஞ்சளாகும்.

சேமிப்பில் விழுகிற வண்டுக்கு எதிர்ப்பு கிடைக்குமா என்றும் சிலர் கேட்பார்கள். பச்சைப்பயறின் காட்டுச் சொந்தம் ஒன்றில், மடகாஸ்கரில் எடுத்த விதையில், அந்த எதிர்ப்பு இருப்பதை 1980களிலேயே கண்டார்கள். டிசி 1966 என்று அதற்குப் பெயர். விதைக்குள் புழு வளர முடியாமல் செத்துப்போகும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. இலையில் இருக்கும் வைரஸ் எதிர்ப்பு ஒரு விஷயம், நாம் சாப்பிடும் பருப்புக்குள்ளேயே பூச்சியை நிறுத்தும் பொருள் இருப்பது வேறு விஷயம். அதை நாம் வேகவைத்துத் தின்னப்போகிறோம், பிள்ளைகளுக்குக் கஞ்சி வைக்கப்போகிறோம். எந்தப் பொருள் அது, வேகவைத்தால் என்ன ஆகிறது என்று முழுதாகச் சோதித்த பிறகுதான் ரகமாக வெளியிட வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. பழைய முறைக் கலப்பில் வந்தது என்பதால் மட்டும் சோதனை வேண்டாம் என்று ஆகிவிடாது. மஞ்சள் தேமல் எதிர்ப்புக்கு இந்தக் கவலை பொருந்தாது. வம்பன் 6 மாவை ஆட்டி எங்கள் வீட்டில் இட்லி சுட்டிருக்கிறோம், பொங்கியதிலும் பிசுக்கிலும் குறை தெரியவில்லை. ஆனால் அது ஒரு வீட்டு அனுபவம், ஆய்வு முடிவாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தக் காட்டுச் செடிகள் எங்கே கிடைக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்குப் பயமே அங்கேதான். கொண்டைக்கடலையின் நேர் மூதாதை உலகத்திலேயே துருக்கியின் தென்கிழக்கு மூலையில் மட்டும்தான் வளர்கிறது. 2013இல் ஒரு குழு போய் மலை மலையாக ஏறிப் புதிதாகச் சேகரிக்கும்வரை, உலக விதை வங்கிகள் எல்லாவற்றிலும் சேர்த்து அதன் தனித்தனிச் சேகரிப்பு இருபதுக்கும் குறைவாகத்தான் இருந்தது. கோடிக்கணக்கானவர்கள் தின்னும் பயிர், அதன் மூதாதையில் இருபது மாதிரிகூட நம் கையில் இல்லை. சிரியாவில் அலெப்போ அருகே இருந்த, இக்கார்டா என்ற சர்வதேச வறண்ட நிலப் பயிர் ஆராய்ச்சி மையத்தின் விதை வங்கியில் கொண்டைக்கடலை, மசூர்ப் பருப்பு, அவற்றின் காட்டுச் சொந்தங்கள் எல்லாம் இருந்தன. போர் வந்தது. நல்லவேளை, நகல் விதைகளை நார்வேயின் ஸ்வால்பார்ட் உலக விதைப் பெட்டகத்துக்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். 2015இல் அங்கிருந்து திரும்ப வாங்கி லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கினார்கள். நம் பக்கம் போர் இல்லை. ஆனால் காட்டு உளுந்தும் காட்டுப் பச்சைப்பயறும் வளர்வது மலையடிவாரப் புதர், சாலை ஓரம், தரிசு, கல்லாங்குத்து மாதிரி இடங்களில்தான். அதை யாரும் பாதுகாக்க வேண்டிய காடு என்று நினைப்பதில்லை. நான் ஒரு முறை விதை எடுத்த சாலை ஓரச் சரிவை நான்கு வருஷம் கழித்துத் தேடிப் போனேன், நான்குவழிச் சாலைக்காக முழுக்க வெட்டி எடுத்திருந்தார்கள். எடுத்த ஒரு கைப்பிடி விதை வங்கியில் இருக்கிறது, செடி அங்கே இல்லை. வங்கியில் இருப்பது அன்றைக்கு இருந்தபடியே உறைந்து கிடக்கும். வெளியில் இருப்பதுதான் வெள்ளை ஈயோடும் வைரஸோடும் வருஷா வருஷம் மல்லுக்கட்டிப் புதிதாகக் கற்றுக்கொண்டே இருக்கும். இரண்டும் வேண்டும். உங்கள் வயல் ஓரத்தில் நரிப்பயறு படர்ந்து கிடந்தால் அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். அது நோயைத் தங்கவைக்கிறதா என்று ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள், பச்சையாக ஆரோக்கியமாக நின்றால் விட்டுவையுங்கள்.

இனி உங்கள் வயலுக்கு. உங்கள் பட்டம், மண், எந்த ரகம் விதைத்தீர்கள் என்பது எனக்குத் தெரியாது, நேரில் பார்க்காமல் நோயை உறுதி செய்யவும் மாட்டேன். ஆனால் ஒன்று உறுதி, முதல் முப்பது நாளுக்குள் செடி மஞ்சளானால் அதில் காய் எதிர்பார்க்க முடியாது, பூத்துக் காய் பிடித்த பிறகு வந்தால் ஓரளவு தேறும். அதனால் எதிர்ப்பு ரகம் வாங்கினாலும் முதல் ஒரு மாதம் வெள்ளை ஈயைக் கவனிக்க வேண்டும். முதலில் மஞ்சளாகிற ஒன்றிரண்டு செடிகளை உடனே பிடுங்கி வெளியே கொண்டுபோய் அழித்துவிடுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். வயலைச் சுற்றி இரண்டு வரிசை சோளமோ மக்காச்சோளமோ இருந்தால் வெள்ளை ஈ நேராக உள்ளே வருவது குறையும், ஆனால் நெல் தரிசில் அதற்கு நேரமும் ஈரமும் இருக்காது என்பது எனக்குத் தெரியும். விதையைச் சான்று பெற்றதாக, உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ வம்பனிலோ கேட்டு வாங்குங்கள். நெல் தரிசுக்கு எல்லா எதிர்ப்பு ரகமும் ஒத்துவராது. அறுப்புக்கு ஒரு வாரம் முன்னால் நிற்கிற நெல்லுக்குள் தெளித்து, இருக்கிற ஈரத்திலேயே வளர்ந்து முடிக்க வேண்டுமே, அதையும் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் முழு வயலையும் ஒரே ரகத்தில் போடாமல், ஒரு பாத்தியில் பழைய ரகம், மற்றதில் இரண்டு புது ரகம் என்று பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பாருங்கள். நாற்பதாம் நாள் வரப்பில் நின்று பார்த்தால் எது உங்கள் மண்ணுக்கு நிற்கிறது என்று தெரிந்துவிடும். அப்போது எது நின்றது, எது விழுந்தது என்று இங்கே வந்து எழுதுங்கள், எனக்கும் தெரிந்துகொள்ள வேண்டும்.